டல்சியின் இருபத்தெட்டு அடக்கங்கள்

டல்சி முதல் தடவை செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளைக்கு முந்தின ஷாட்டில். கதாநாயகனைக் குறிபார்த்து வில்லன் சுட்ட குண்டைக் குறுக்கே பாய்ந்து நெஞ்சில் வாங்கிக்கொண்டு, அவன் மடியில் தலையை வைத்து, "அடுத்த பிறவியிலாவது" என்று ஆரம்பித்துப் பாதியிலேயே கண்ணை மூடினாள். டைரக்டர் கட் சொன்னார். டல்சி எழுந்து ஜிகினா கவுனை உதறிக்கொண்டு மேக்கப் ரூமுக்குப் போனாள். போனவளுக்குப் பின்னால், கதாநாயகன் மடியில் இன்னொரு டல்சி கிடந்தாள், அதே ஜிகினா கவுனில், நிஜமான குண்டுக் காயத்தோடு, மூச்சில்லாமல். கதாநாயகனுக்கு அடுத்த ஃப்ளோரில் வேறு ஷூட்டிங் இருந்ததால், மடியிலிருந்து இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புரொடக்‌ஷன் மேனேஜர் வரதராஜுலு, சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்கிவிட்டுச் சும்மா நின்ற வேனில் அவளை ஏற்றிப் பெரம்பூருக்கு அனுப்பிவைத்தார்.

வேன் எங்கள் தெருவுக்கு வந்தபோது டிரைவருக்குப் பக்கத்தில் டல்சி உட்கார்ந்திருந்தாள், பின்னால் டல்சி படுத்திருந்தாள். முன்னால் இருந்தவள் இறங்கி என் வீட்டுக் கதவைத் தட்டி, "ஞானப்பூக்கா, ஒரு ஆள் செத்துட்டாங்க, குளிப்பாட்டணும்" என்றாள். யாரு என்று கேட்டேன். "நான்தான்" என்றாள். நான் தண்ணீர் சூடாக்கப் போனேன். ரயில்வே காலனிக்குப் பின்னாலிருக்கும் எங்கள் மாதா கோயிலில் பெண் சவங்களைக் குளிப்பாட்டி உடுத்துகிற வேலை என்னுடையது, என் மாமியாருக்குப் பிறகு எனக்கு வந்தது. செத்தவள் யார், எப்படிச் செத்தாள் என்று நோண்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் ஆறிவிடும்.

டல்சி என் வீட்டுக்குப் பின்சுவர் வீட்டுக்காரி. அப்பன் டிக்கி டி'க்ரூஸ் ரயில் இன்ஜின் ஓட்டினவர், அம்மா மார்த்தாள் எங்கள் ஜனம், ரயில்வே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பதினேழு வயதில் மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் நோயல் என்கிற டிரம்பெட்காரனின் பேண்டில் பாடப் போனாள். அதை ஜாஸ் என்பார்கள். எனக்கு அதன் தலையும் தெரியாது வாலும் தெரியாது. ஆனால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாடிப் பழகுகிறபோது கேட்டிருக்கிறேன். தாளம் பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும், இவள் குரல் மட்டும் கொஞ்சம் பிந்தி வரும், ஐயோ இன்றைக்கு வராமலே போய்விட்டாளே என்று நாம் நினைக்கும்போது வந்து சரியான இடத்தில் உட்காரும். அந்தக் குரலைச் சினிமாக்காரர்கள் கேட்டுத்தான் கூட்டிப் போனார்கள், கூட்டிப் போய் அவள் காலைப் படம் பிடித்தார்கள். கிளப் டான்ஸ் பாட்டில் வார்த்தைகளை வேறொரு அம்மாள் பாடுவார்; நடுவில் வருகிற "லலலா"வும் குடிபோதை விக்கலும் சாகும்போது போடுகிற அலறலும் மட்டும் டல்சியுடையவை.

முதல் உடம்புக்கு மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். போலீஸ் வந்து இரண்டு டல்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இறந்தவர் உயிருடன் இருப்பதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனது. மத்தியாஸ் சாமியார் பிஷப்புக்குக் கடிதம் போட்டார். ஆத்துமா ஒன்றுதான், ஆகவே பூசையும் ஒன்றுதான், அதை நிஜச் சாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை மரியாதையாகப் புதைத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. அதிலிருந்து எங்கள் கோயிலில் ஒரு முறை ஏற்பட்டது. சினிமா டல்சிகளுக்குப் பூசை கிடையாது, துக்க மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவர் ஓரமாகப் பெயரில்லாத சிலுவை. நிஜ டல்சிக்கு அவள் அம்மா மார்த்தாளின் குழியைத் திறப்பது, மணி அடிப்பது, பாடல் பூசை வைப்பது.

எது நிஜம், எது சினிமா என்று சொல்கிற பொறுப்பைச் சாமியார் என் தலையில் வைத்தார். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சினிமா டல்சியின் முகத்தில் மேக்கப் போகாது. சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும், ரோஜாக் கன்னமும் ஒட்டு இமையும் உதட்டுச் சிவப்பும் அப்படியே இருக்கும்; தோலே அதுதான். நான் குளிப்பாட்டி முடித்து வெளியே வருவேன், சாமியார் வாசலில் நின்று, "ஞானப்பூ, மணியா, இல்லையா?" என்று கேட்பார், "சினிமாதான் சாமி" என்பேன், அவர் உள்ளே போய்விடுவார். மணி அடித்துவிட்டால் அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் எந்த விசேஷமும் நடக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால்தான் அவ்வளவு கவனம்.

பிறகு வருஷத்துக்கு இரண்டு, மூன்று என்று வர ஆரம்பித்தன. ஒன்று கத்திக் குத்து, ஒன்று விஷம், ஒன்று மாடியிலிருந்து விழுந்தது, மற்றதெல்லாம் கதாநாயகனுக்கு வந்த குண்டு. கம்பெனிக்காரர்கள் வெட்கமில்லாமல், உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள், கவுனை மடித்துத் திருப்பி அனுப்புங்கள் என்பார்கள். ஒரு கவுன் கொடுத்து இரண்டு கவுனாக வாங்கிக்கொண்டு போன புண்ணியவான்கள். டல்சி தன் அடக்கத்துக்குத் தானே கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு வருவாள், ஒரு பிடி மண் போடுவாள், எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தன் கையால் காபி போட்டு பன் கொடுப்பாள். வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு நாக்கு சும்மா இருக்குமா? எங்கள் தெருப் பெண்கள் சாவில் குற்றம் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். "போன தடவை முகத்துல ஒரு சாந்தம் இருந்துச்சு, இந்தத் தடவை ஏதோ அவசரத்துல செத்த மாதிரி இருக்கு" என்பாள் எதிர்வீட்டு ரெஜினா, பன்னைக் காபியில் நனைத்துக்கொண்டே. டல்சியும் சிரித்துக்கொண்டு, "லைட்டிங் சரியில்ல ஆன்ட்டி" என்பாள்.

பன்னிரண்டாவது அடக்கத்தோடு நோயல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டான். கட்டிக்கொள்வதாக இருந்தவன். "கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பன்னெண்டு தடவை பொண்டாட்டியைப் புதைச்சுட்டேன், போதும் டல்சி" என்று சொன்னானாம். அவள் அதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை, துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவளுக்கு டைஃபாய்டு வந்து இருபது நாள் கிடந்தாள், தெருவில் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. நான் கஞ்சி கொண்டு போனேன் என்றால் பின்சுவரில் ஒரு கதவு இருந்ததால் போனேன். உடம்பு வந்தால் பத்து நிமிஷத்தில் தெருவே கூடும். செத்த டல்சிக்காக அழுது அழுது, உயிரோடிருக்கிறவளுக்கு எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் ஜனங்கள் கொஞ்சம் சலிப்போடுதான் பார்ப்பார்கள், நேற்றுத்தானே அனுப்பிவைத்தோம் என்கிற மாதிரி.

அந்தக் காய்ச்சலில் கிடக்கும்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஞானப்பூக்கா, நான் நிஜமா போறப்ப நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கல்ல? என்னையும் அந்தச் சுவத்தோரம் போட்டுடமாட்டீங்கல்ல? அம்மாகிட்ட வைக்கணும். மணி அடிக்கணும். இத்தனை தடவை செத்ததுல அதுதான் என்னோடது." நான் அவள் நெற்றியில் சிலுவை போட்டு, "பைத்தியமே, உன் உடம்பு எனக்குத் தெரியாதா, நான் இருக்கேன்டி" என்றேன். இதைச் சொன்ன வாய் இதே வாய்தான், குறித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தேழு ஆனபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. தயாளன் என்று ஒரு புது டைரக்டர் வந்தான், ஓட்டலில் அவள் பாடிக் கேட்டவன், பைத்தியக்காரன். அவன் படத்திலும் கிளப் டான்ஸ்காரிதான், ஆனால் வார்த்தையோடு முழுப் பாட்டு, அவளே பாடலாம். அதைவிடப் பெரிசு, சாக வேண்டாம். கடைசியில் எல்லாரும் கதாநாயகன் வீட்டு வாசலில் வரிசையாக நின்று சிரிக்க, மேலே "சுபம்" என்று எழுத்து விழுமே, அந்த வரிசையில் அவளும் நிற்கலாம். இருபத்தேழு படத்தில் அவள் அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை. அது விழும்போதெல்லாம் எங்கள் மேற்குச் சுவர் ஓரத்தில் கிடந்தாள்.

"நாளைக்கு வா, நான் இருப்பேன்" என்று பாட்டு ஆரம்பிக்கும். ஒரு மாதம் முழுக்க அதைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாடினாள், காய் நறுக்கும்போது பாடினாள், குழாயடியில் பாடினாள், "நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டு நிறுத்துவாள், இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருக்கும் நானும் கையை நிறுத்திவிடுவேன், அப்புறம் ஆற அமர "நான் இருப்பேன்" என்று வரும். கடைசி ஷாட் எடுத்த அன்றைக்கு வேன் வந்தபோது வழக்கம்போல் தெரு கூடிவிட்டது, நான் தண்ணீர்கூட வைத்துவிட்டேன். கதவைத் திறந்தால் பின்னால் ஒன்றும் இல்லை, முன்னால் டல்சி ஜிலேபிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். "நான் சாகலக்கா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. கூட்டம் ஜிலேபியை வாங்கிக்கொண்டு கலைந்தது; ரெஜினா மட்டும், "சொல்லியிருந்தா சமையலைப் போட்டுட்டு ஓடி வந்திருக்கமாட்டேன்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் பிலோமிக்குப் பொன்மலையிலிருந்து வரன் வந்தது, பையனுக்கு ரயில்வே வேலை. இரண்டு தடவை நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பேசினேன், இரண்டு தடவையும் அன்றைக்குப் பார்த்துத் தெருவில் ஒரு கிழம் மண்டையைப் போட்டது, மணி அடித்தது, தள்ளிப்போயிற்று. மூன்றாவது தடவைக்கு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி என்று குறித்தோம். இந்தத் தடவையும் சகுனத் தடை என்றால் எங்களுக்கு வேறு இடம் இருக்கிறது என்று பையனின் அம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். பிலோமிக்கு வயது இருபத்தேழு. அப்பன் இல்லாத பெண். பிணம் குளிப்பாட்டுகிறவளின் மகள் என்று ஏற்கெனவே ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. டல்சிதான் அவளுக்குத் தைரியம் சொன்னாள். "பிலோமி, உன் நிச்சயதார்த்தத்துக்கு நான் பாடறேன், என் பாட்டு, வார்த்தையோட. கட்லெட்டும் என் பொறுப்பு" என்றாள்.

அங்கே ஸ்டுடியோவில், படத்தைப் போட்டுப் பார்த்த விநியோகஸ்தர்கள் முகத்தைச் சுளித்தார்களாம். கிளப்பில் ஆடினவள் குத்துவிளக்கு ஏற்றின கதாநாயகிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தால் தாய்மார்கள் எப்படி வருவார்கள், அவளைக் கொன்றுவிடுங்கள் என்றார்கள். தயாளன் இரண்டு நாள் முறைத்தான், மூன்றாம் நாள் தலையை ஆட்டினான். வரதராஜுலு வந்து டல்சியைக் கூப்பிட்டார். அவள் அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்காமலே, "மாட்டேன் சார். இருபத்தேழு தடவை செத்துக் கொடுத்தேன், இதுல மட்டும் மாட்டேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வரதராஜுலு கும்பிட்டார், கெஞ்சினார், போய்விட்டார்.

கம்பெனிக்காரர்கள் டூப் போட்டார்கள். டல்சி உயரத்தில் ஒரு பெண்ணைப் பிடித்து, விக் வைத்து, அதே கவுனை மாட்டி, முதுகைக் காட்டி நிற்க வைத்து வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சுட்டார்கள். அலறலைப் பழைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்தப் பெண் விழுந்தாள், கட் சொன்னார்கள், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். தரையில் ஒன்றுமில்லை. எல்லாரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். எப்போதும் விழுகிற உடம்பு எங்கே என்று வரதராஜுலு ஃப்ளோர் முழுக்கத் தேடினார். காலி வேனை எடுத்துக்கொண்டு பெரம்பூருக்கு வந்தார்.

பதினோரு மணிக்கு நான் இந்தப் பக்கம் பிலோமியின் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கட்லெட்டுக்கு வெங்காயம் நறுக்குகிற சத்தமும் பாட்டும் வந்தன. "நாளைக்கு வா" என்றாள். நிறுத்தினாள். நான் கையை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். இவ்வளவு நேரம் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லையே என்று நினைத்தேன், ஆனாலும் மீதி மடிப்பை வைத்துக்கொண்டே காத்திருந்தேன், பிந்தி வருவதுதானே அவள் குரலுக்கு வழக்கம். வெளியே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்ட பிறகுதான் பின்கதவைத் திறந்துகொண்டு போனேன்.

அரிவாள்மணைக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். இடது மார்புக்குக் கீழே குண்டுக் காயம். வீட்டுக் கவுன், தலையில் எண்ணெய், விரலில் வெங்காய வாசனை. முகத்தில் ஒரு சொட்டுப் பவுடர் இல்லை. கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழ ஆரம்பித்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபத்தேழு உடம்பிலும் அது இல்லை. என் பின்னாலேயே வந்த வரதராஜுலு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "எப்பவும் போலத்தானேம்மா?" என்று கேட்டார்.

கோயில் மண்டபத்தில் தோரணம் கட்டுகிற சத்தம் கேட்டது. பொன்மலைக்காரர்கள் ரயிலேறியிருப்பார்கள். பிலோமி முகம் கழுவிக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பொட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று சொன்னால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரலாம், அதனால் உண்மையைச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை. "எப்பவும் போலத்தான்" என்றேன்.

அவரை வாசலுக்கு அனுப்பி, உடம்பு வேனில் வந்தது, டல்சி ஸ்டுடியோவில் டப்பிங்கில் இருக்கிறாள், காலையிலேயே போய்விட்டாள் என்று சொல்லச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டினேன். பிறகு அவள் மேக்கப் பெட்டியை எடுத்தேன். எனக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் இருபத்தேழு முகம் மனப்பாடமாக இருந்தது. கன்னத்துக்கு ரோஜா, உதட்டுக்குச் சிவப்பு, கழுத்துவரைக்கும் பவுடர். ஒட்டு இமை இரண்டு தடவை நழுவியது, மூன்றாவது தடவை நின்றது. வெளியே வந்தேன். "மணியா, இல்லையா?" என்றார் மத்தியாஸ் சாமியார். "சினிமாதான் சாமி" என்றேன். அவர் தோரணத்தைப் பார்த்துச் சிரித்து, "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்று மணிக்குள் எடுத்துவிட்டோம். தெரு கூடியது, பாதிப் பேர் நிச்சயதார்த்தத்துக்கு உடுத்தின பட்டோடு வந்தார்கள். ரெஜினா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. "இருபத்தெட்டுல இதுதான்டி நம்பர் ஒன், என்னமா செத்திருக்கா பாரு, நிஜம் மாதிரியே" என்றாள். குழியில் இறக்கும்போது லேசாகத் தூறியது, கன்னத்தில் ஒரு கோடு கரைந்து கீழே தோல் தெரிந்தது. நான் முந்தானையால் மூடி, மண்ணைப் போடுங்கப்பா, மழை வருது என்று அவசரப்படுத்தினேன். மேற்குச் சுவர் ஓரம், கடைசிச் சிலுவை. மார்த்தாளின் குழி நாற்பது அடி தள்ளி மூடியே கிடந்தது.

அடக்கம் முடிந்ததும் வழக்கம்போல் எல்லாரும் காபிக்கு டல்சி வீட்டுக்குப் போனார்கள். வாசலில் நின்றார்கள். "அவ எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் வருவா" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். நாலரை வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் காபி இல்லாமல் அனுப்பிவிட்டாளே என்று முணுமுணுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்கள். அங்கே கட்லெட் இருந்தது. அவள் நறுக்கி வைத்த வெங்காயத்தை வீணாக்க மனசு வராமல் நான்தான் அள்ளிக்கொண்டு வந்து பொரித்தேன். பையனின் அம்மா இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மோதிரம் மாற்றியதும் பிலோமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியக்காரர்கள் இரண்டு தடவை சுருதி சேர்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

ஒரு வாரத்தில் தெரு முடிவுகட்டிவிட்டது: டல்சி நோயலைத் தேடி ஆஸ்திரேலியாவுக்கு ஓடிவிட்டாள், இருபத்தெட்டு தடவை தூக்கிப்போட்ட ஜனங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போன நன்றிகெட்டவள். படம் வந்தது. பாட்டை வேறொரு அம்மாளின் குரலில் மாற்றியிருந்தார்கள், தாளத்துக்கு நேராக, ஒரு இடத்திலும் பிந்தாமல். கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்று சிரித்தார்கள், சுபம் விழுந்தது.

நாற்பது வருஷமாகிறது. பிலோமி நன்றாக இருக்கிறாள், பொன்மலையில் சொந்த வீடு, இரண்டு பையன்கள், பேரன் பேத்தி. நான் அவளோடுதான் இருக்கிறேன். நிச்சயதார்த்தப் போட்டோவை எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பேச்சு தப்பாமல் வரும். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

"இந்த டல்சி ஆன்ட்டியைத்தான் என்னால மன்னிக்கவே முடியலம்மா. பாடறேன்னு வாய் நிறையச் சொல்லிட்டு, என் நிச்சயதார்த்தத்தன்னைக்குப் பார்த்துக் கம்பி நீட்டிட்டாளே."

"விடுடி" என்றேன், போட்டோவைத் துடைத்துக்கொண்டே. "அவ அப்படித்தான். சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவ."